கட்டிலருகே வரும் பண்டிகை: பருவப் பாடல்களைத் தேர்ந்து இசைக்க ஒரு பாடம்

மருத்துவமனையில் சில நாள்கள் தங்க நேர்ந்த எவரும் ஒன்றை உணர்ந்திருப்பர். இங்கே பொழுது மருந்து வேளைகளால் அளக்கப்படுகிறது. காலையில் இரத்தம் எடுத்தல், முற்பகலில் மருத்துவர் வருகை, பிற்பகலில் பரிசோதனை, இரவில் மாத்திரை என்று ஒரு நாள் முடிகிறது. அதே வடிவில் அடுத்த நாள் வந்து நிற்கிறது. வெளியே ஐப்பசி மழை ஓய்ந்ததா, மார்கழிக் கோலம் வாசலை நிறைத்ததா, வீட்டு முகப்பில் நட்சத்திர விளக்குத் தொங்குகிறதா என்பன கட்டிலில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. குளிரூட்டிய அறைக்கு எல்லா மாதமும் ஒரே மாதம்.

இஃது ஏக்கம் மட்டுமன்று. மருத்துவமும் கருத்தில் கொள்ளும் ஒரு நிலை. முதியோர் சிலர், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின்னரோ கடும் நோய்த்தொற்றின் போதோ, நாளும் இடமும் ஆளும் தெரியாத மனக்குழப்பத்துக்கு ஆளாவதுண்டு. அதைத் தடுக்கவும் தணிக்கவும் மருத்துவரும் செவிலியரும் சில எளிய வழிகளைச் சொல்வர். கண்ணில் படும்படி கடிகாரமும் நாட்காட்டியும் இருக்கவேண்டும். பகலில் வெளிச்சமும் இரவில் இருளும் உறக்கமும் வேண்டும். மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். பழகிய முகம் அருகில் இருந்து, "இன்று செவ்வாய்க்கிழமை, மழை விட்டுவிட்டது" என்று இடையிடையே சொல்லவேண்டும். பருவத்துக்குரிய பாட்டும் இவ்வரிசையில் சேரத் தக்கது. அது நாளை நினைவூட்டுகிறது. அந்நாளோடு சேர்ந்த வீட்டையும் நினைவூட்டுகிறது.

உங்கள் குடும்பத்தில் பியானோவோ கீபோர்டோ வாசிப்பவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரு சாராருக்கும் பயன்படும் வகையில், எந்தப் பருவத்துக்கு எந்தப் பாட்டு, அதை நோயாளியின் அருகே எப்படி இசைப்பது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பருவமும் இசையும்

தமிழர்க்கு இது புதிய எண்ணமன்று. தொல்காப்பியம் திணைகளுக்குப் பெரும்பொழுதையும் சிறுபொழுதையும் வகுத்ததோடு, அவற்றின் கருப்பொருள்களுள் யாழையும் பறையையும் சேர்த்தது. நிலம், பருவம், வேளை, இசை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது அதன் பார்வை. முல்லைக்குக் கார்காலமும் மாலையும் உரியன. அதன் உரிப்பொருள் இருத்தல், அதாவது பிரிந்தவர் வரும்வரை ஆற்றியிருத்தல். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்கும் உறவினர்க்கு இத்திணையை விளக்கவேண்டிய தேவையில்லை.

பியானோ உலகிலும் இவ்வழக்கம் உண்டு. ரஷ்ய இசை மேதை சைக்கோவ்ஸ்கி ‘பருவங்கள்’ என்னும் பெயரில் 12 சிறு பியானோ இசைகளை இயற்றினார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் இசை இதழ் ஒன்று 1876-ஆம் ஆண்டில் மாதத்துக்கு ஒன்றாக அவற்றை வெளியிட்டது. ஜனவரிக்குக் குளிர்காயும் அடுப்பு, டிசம்பருக்குக் கிறிஸ்துமஸ் காலம் என்று ஒவ்வொன்றும் அம்மாதத்தின் நினைவைச் சுமந்து வந்தது. அரங்குக்குச் செல்லாதவரும் தம் வீட்டிலேயே அந்த மாதத்தின் இசையை வாசித்துக்கொள்ள முடிந்தது.

நம் புதுச்சேரியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் புத்தாண்டுக்கென்று அன்னை ஆர்கன் வாசித்து வந்தார். 1965 முதல் அப்பணியைச் சுனில் பட்டாச்சார்யா ஏற்று, ஆண்டுதோறும் புத்தாண்டு இசையை அமைத்து வந்தார். குறித்த நாளில் குறித்த இசை என்று ஆண்டுக்கு ஆண்டு தொடரும்போது, இசையே நாளின் அடையாளமாகிவிடுகிறது. பண்டிகைப் பாட்டின் வலிமை இந்த மீள்வரவில்தான் இருக்கிறது. அறுபது வயதானவர் ஒரு பொங்கல் பாட்டைக் கேட்கும்போது, ஓராண்டுப் பொங்கலை மட்டும் நினைப்பதில்லை. தாம் கண்ட எல்லாப் பொங்கலும் அதில் வந்து சேர்கின்றன.

மறதிநோய் உள்ளவர்களிடமும் இதைக் காணலாம். அண்மையில் நிகழ்ந்தவற்றை மறந்துபோகும் ஒருவர், இளமையில் பாடிய பாட்டை அடி பிறழாமல் பாடுவதுண்டு. பக்கவாதத்தால் பேச்சை இழந்த சிலர், பேச இயலாத சொற்களைப் பாட்டாகப் பாடிவிடுவதும் உண்டு. இசையறிவு மூளையின் ஒரே இடத்தில் அடங்காமல் பல பகுதிகளில் பரந்திருப்பது இதற்கு ஒரு காரணம்.

மார்கழி என்னும் நாட்காட்டி

தமிழ் மாதங்களுள் பாட்டாலேயே நாளை எண்ணும் மாதம் மார்கழி. ஆண்டாள் அருளிய திருப்பாவையில் 30 பாசுரங்கள். நாளுக்கு ஒன்றாகப் பாடுவது மரபு. மாணிக்கவாசகரின் திருவெம்பாவை 20 பாடல்களை உடையது. சிவாலயங்களில் அதுவும் இம்மாதத்தில் ஒலிக்கும். மார்கழி பெரும்பாலும் டிசம்பர் 16-ஆம் நாளை ஒட்டிப் பிறக்கிறது. இன்று எத்தனையாவது பாசுரம் என்று தெரிந்தால், இன்று மார்கழி எத்தனையாம் நாள் என்பதும் தெரிந்துவிடும்.

இதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளலாம். காலையில் முகம் கழுவி, உடை மாற்றி, தலையணையை உயர்த்தி அமர்த்திய பின்னர், "இன்று பன்னிரண்டாம் பாசுரம்" என்று சொல்லிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் இசைக்கவோ ஒலிக்கவிடவோ செய்யுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களே ஆகும். நாளை அடுத்தது வரும் என்ற எதிர்பார்ப்பும் நோயாளிக்குக் கிடைக்கும். எழுபது வயதுப் பாட்டிக்கு எண் சொன்னாலே போதும். பாட்டை அவரே தொடங்கிவிடக்கூடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மார்கழிப் பாட்டு விடியலுக்கு முன் பாடப்படுவது. அது கோயிலுக்கும் வீட்டுக்கும் பொருந்தும். வார்டில் விடியற்காலை உறக்கம் மருந்துக்கு நிகரானது. இரவெல்லாம் வலியோடு புரண்டவர் நான்கு மணிக்குத்தான் கண்ணயர்ந்திருப்பார். ஆகவே மார்கழியைக் காலை ஏழு மணிக்குக் கொண்டுவருவதில் பிழையில்லை.

27-ஆம் நாளைக் கூடாரவல்லி என்பர். அன்று நெய் வழியும் அக்காரவடிசில் படைப்பது வைணவ வீடுகளின் வழக்கம். நீரிழிவுக்கோ சிறுநீரக நோய்க்கோ பத்தியம் காக்கும் ஒருவருக்கு அந்நாள் வெறும் இட்லியோடு கழியலாம். கிறிஸ்துமஸ் கேக்கும் பொங்கல் கரும்பும் இத்தகையனவே. விருந்தின் எத்தனையோ பகுதிகளைப் பத்தியம் தடுக்கிறது. பாட்டை அது தடுப்பதில்லை. உணவைப் பற்றி வருந்தும் நோயாளியிடம் "அடுத்த ஆண்டு சாப்பிடலாம்" என்று ஆறுதல் கூறுவதைவிட, அந்நாளின் பாட்டை அவரோடு சேர்ந்து கேட்பது நலம்.

பியானோவுக்குப் பொருந்துவன

பியானோ, கீபோர்டு, ஹார்மோனியம் ஆகிய மூன்றிலும் ஒலிகள் தனித்தனிக் கட்டைகளில் நிற்கின்றன. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லவோ, ஒரு சுரத்தையே அசைத்து நீட்டவோ பியானோவால் இயலாது. எனவே கமகம் மிகுந்த நீலாம்பரித் தாலாட்டை அதில் வாசித்தால் எலும்புக்கூடுதான் மிஞ்சும். நேர்ச்சுரங்களாக நடக்கும் பாட்டுகளே அதற்கு உரியன. சென்னையின் பியானோ கலைஞர் அனில் சீனிவாசன், பாடகர் சிக்கில் குருசரணுடன் இணைந்து நிகழ்ச்சிகள் வழங்கி வருகிறார். அசைவுகளைக் குரல் ஏற்க, பியானோ அடித்தளமாக நிற்கும் அந்த முறை குடும்பங்களுக்கும் பொருந்தும்: பெயரன் வாசிக்கலாம், பாட்டி பாடலாம்.

பயிற்சி இல்லாதவரும் செய்யக்கூடிய பாடம் ஒன்றை இங்கே தருகிறோம். சிறு கீபோர்டோ, கைப்பேசியில் உள்ள பியானோ செயலியோ போதும்.

கட்டைகளைப் பாருங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டாகவும் மூன்றாகவும் மாறி மாறிக் குழுவாக நிற்கும். இரண்டு கறுப்புகள் சேர்ந்த குழுவுக்கு இடப்பக்கத்தில் உள்ள வெள்ளையை நம் இசைக்கலைஞர் ‘ஒரு கட்டை’ என்பர். அதிலிருந்து வலப்பக்கமாக வெள்ளைகள் 1 முதல் 7 வரை எண்ணப்படும். இடையிலுள்ள கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எனப் பெயர் பெறும்.

இப்போது மூன்று கறுப்புகள் சேர்ந்த குழுவின் முதற்கட்டையாகிய நாலரையை ஆதாரச் சட்ஜமாகக் கொண்டு, கறுப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக ஏறி வாருங்கள். நீங்கள் கேட்பது மோகனம். அதே ஐந்து கறுப்புகளை ஐந்தரையிலிருந்து தொடங்கினால் மத்தியமாவதி; ஆறரையிலிருந்து இந்தோளம்; ஒன்றரையிலிருந்து சுத்த சாவேரி; இரண்டரையிலிருந்து சுத்த தன்யாசி. கட்டைகள் மாறவில்லை, தொடங்கும் இடம் மாறியதும் இராகம் மாறிவிட்டது. இதனை இசை நூலோர் கிரக பேதம் என்பர்.

இம்முறையால் நோயாளிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடும்வரை, எந்த இரண்டும் காதுக்கு உறுத்தலாக மோதுவதில்லை. இசை அறியாத ஒருவர் ஒற்றை விரலால் தொட்டாலும் இனிமையே பிறக்கும். பக்கவாதத்துக்குப் பின் விரல்களுக்குப் பயிற்சி தேவைப்படுவோர், இயன்முறை மருத்துவரின் இசைவோடு இதனை ஒரு பயிற்சியாகவே கொள்ளலாம். எண்ணி எண்ணிப் பந்தை அழுத்துவதைவிட மோகனம் வாசிப்பதில் சலிப்புக் குறைவு.

வெள்ளைக் கட்டைகளுக்கு வருவோம். ஒரு கட்டையிலிருந்து வெள்ளைகளை மட்டும் வரிசையாக ஏறினால் சங்கராபரணத்தின் சுரங்கள் கிடைக்கும். மேலைநாட்டு இசையின் மிகப் பழகிய சுரவரிசையும் இதுவே. முத்துசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்த காலத்தில், ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டு, அம்மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பாட்டமைத்தார். நொட்டுஸ்வரம் எனப்படும் அப்பாடல்கள் ஏறத்தாழ 40. அவை சங்கராபரணத்தின் சுரங்களில், கமகமின்றி, சிறுவரும் பாடும்படி அமைந்தவை. கர்நாடக இசைக் குடும்பத்து நோயாளிக்குப் பியானோவில் எதை வாசிப்பது என்று தயங்குவோர் அங்கிருந்து தொடங்கலாம்.

கிறிஸ்துமஸ் காலத்தில் உலகெங்கும் பாடப்படும் ‘சைலண்ட் நைட்’ பாட்டையும் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துவிடலாம். ஜோசப் மோர் என்னும் குருவானவர் எழுதிய சொற்களுக்குப் பிரான்ஸ் கிரூபர் மெட்டமைக்க, ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரில் 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று அது முதன்முதலாகப் பாடப்பட்டது. அன்று அதற்குத் துணையாக ஒலித்தது ஒரு கிதார் மட்டுமே. இரண்டு குரலும் ஒரு கிதாரும் ஒரு பண்டிகை இரவுக்குப் போதுமாயிருந்தன. அதன் நடை தொட்டிலாட்டும் நடை. ஆதலால் மெல்ல வாசித்தால் உறக்கத்துக்கும் உதவும்.

நம் ஊரின் பருவங்கள்

பருவப் பாட்டு என்றால் எந்த ஊரின் பருவம் என்பதும் கேள்வியே. சைக்கோவ்ஸ்கியின் குளிர்காயும் அடுப்பு நெல்லித்தோப்பில் பிறந்தவருக்கு எதையும் நினைவூட்டாது. பனி பொழியும் ஆங்கிலப் பாட்டும் அத்தகையதே. நம் காலங்களை நாமே எண்ணிப் பார்ப்போம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அமிர்தவர்ஷினி என்னும் இராகத்தை மழையோடு இணைத்துப் பேசுவது இசை மரபு. எட்டயபுரத்தில் தீட்சிதர் அதனைப் பாடி மழை பெய்வித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. பியானோவில் 1, 3, நாலரை, 5, 7 ஆகிய கட்டைகளில் அதன் சுரங்கள் கிடைக்கும். ஆனால் இங்கே சற்று நிதானம் வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தன. கூரையையும் வீட்டுப் பொருளையும் மழையில் இழந்தவருக்கு நவம்பர் மாதத்து மழைப்பாட்டு ஆறுதல் தராது. வீட்டில் தண்ணீர் புகுந்ததா என்ற கவலையோடு படுத்திருப்பவருக்கு முதலில் தேவை வீட்டிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. பாட்டு அதற்குப் பின்.

டிசம்பரில் கிறிஸ்துமஸும் மார்கழியும் ஒரே வார்டில் சந்திக்கின்றன. ஜனவரியில் புத்தாண்டும் பொங்கலும் வருகின்றன. பொங்கலுக்குக் கும்மி மெட்டுகள் ஏற்றவை. கைதட்டி ஆடும் நடையாதலால் அவற்றைப் பகலில் இசைப்பதே நன்று. பார்க்கின்சன் நோயால் நடை தடைப்படுவோர்க்குச் சீரான தாளம் அடியெடுத்து வைக்க உதவுவதுண்டு. அதனையும் இயன்முறை மருத்துவர் அருகிருக்கும்போதே செய்து பார்க்கவேண்டும்.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி. ஜூலை 14 பிரெஞ்சுத் தேசிய நாள். பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றோரின் குடும்பங்களில் அந்நாளின் கீதத்தைச் சிறுவயது முதல் கேட்டவர் பலர். ஆகஸ்ட் 15 நாட்டின் விடுதலைத் திருநாள். நெல்லித்தோப்பு விண்ணேற்பு அன்னை ஆலயத்துக்கும் அதுவே பெருவிழா நாள். இரமலான் மாதத்தில் நாகூர் ஹனீபாவின் குரலைக் கேட்டு வளர்ந்தவர், இஸ்லாமியர் மட்டுமல்லர், எல்லாச் சமயத்திலும் உண்டு. இப்பட்டியலை அப்படியே பின்பற்றவேண்டியதில்லை. உங்கள் நோயாளியின் ஆண்டு எந்தெந்த நாள்களால் ஆனது என்று அவரிடமே கேட்டறியுங்கள்.

யாருடைய பண்டிகை?

பாட்டைத் தேர்வதில் பெரும்பாலும் நேரும் பிழை, நமக்குப் பிடித்ததை அவருக்கு வழங்குவது. பொதுவாக ஒருவரது பதின்பருவத்திலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டுகளே அவர் நினைவில் ஆழப் பதிந்திருக்கும். 75 வயதுத் தந்தையாருக்கு அது 1960-களின் வானொலிக் காலம். அவருக்கு இன்றைய பண்டிகைப் படப்பாட்டு வெறும் ஓசையாகவே படலாம்.

அடுத்தது, பாட்டு நோவையும் தரவல்லது என்பதை மறவாமை. துணையை இழந்த பின் வரும் முதற்பொங்கல், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் முதற்கிறிஸ்துமஸ், குணமாகாது என்று தெரிந்த பின் வரும் தீபாவளி ஆகியவற்றில் பழகிய பாட்டே கத்தியாகும். ஆகவே திடீரென்று இசைக்கத் தொடங்காமல், "இந்தப் பாட்டைக் கேட்கலாமா?" என்று முன்னரே கேளுங்கள். "வேண்டாம்" என்ற விடைக்குக் காரணம் கேட்கவேண்டியதில்லை. பேச இயலாதவராயின் முகத்தைப் பாருங்கள்: நெற்றி சுருங்குதல், முகத்தைத் திருப்புதல், மூச்சு விரைதல், கை பரபரத்தல் ஆகியன போதும் என்பதன் குறிகள்.

கண்ணீர் வந்தால் உடனே நிறுத்தவேண்டும் என்பதில்லை. சிலருக்கு அஃது அடைத்திருந்த மடை திறப்பது. பாட்டின் ஒலியைக் குறைத்து, கையைப் பற்றிக்கொண்டு, "தொடரவா?" என்று கேட்பது போதும். பிறகு அவர் ஏதேனும் சொல்லத் தொடங்கினால் பாட்டை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள். பாட்டு வந்த வேலை முடிந்தது. பல நாள்கள் தொடர்ந்து துயரம் நீங்காமலோ, உண்ணவும் உறங்கவும் மனமின்றியோ இருந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். பாட்டால் மட்டும் தீர்க்க முனையாதீர்கள்.

வார்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

முதலாவது, செவிலியரின் இசைவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் கருவிகளின் எச்சரிக்கை ஒலி காதில் விழவேண்டும். அங்கே அவர்கள் சொல்லும் நேரத்தில், சொல்லும் அளவில் மட்டுமே இசைக்கலாம்.

இரண்டாவது, ஒலியின் அளவு. நோயாளிகள் தங்கும் அறைகளில் இரவு ஒலி சராசரியாக 30 டெசிபலைத் தாண்டலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டியது. சாதாரண உரையாடலே ஏறத்தாழ 60 டெசிபல். எனவே பகலிலும் பேச்சைவிடத் தாழ்ந்த ஒலியே தகும். இரவில் காதொலிப்பான் நலம். ஒருவர் பயன்படுத்தியதைத் துடைக்காமல் மற்றவருக்குத் தரலாகாது. காதில் அறுவைச் சிகிச்சையோ புண்ணோ இருந்தால் காதொலிப்பானைத் தவிர்க்கவும்.

மூன்றாவது, அடுத்த கட்டில். உங்களுக்குப் பண்டிகையான நாள் அவருக்கு அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாளாயிருக்கலாம். அவர் வேறு சமயத்தவராகவும் இருக்கலாம். "சிறிது நேரம் பாட்டு வைக்கலாமா?" என்று கேட்பதால் பண்டிகை குறைந்துவிடாது; பல வேளைகளில் அவரும் செவி சாய்ப்பார்.

நான்காவது, கால அளவு. ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடங்கள் போதும். நாள் முழுதும் ஓடும் பாட்டு இசையாக இராமல் இரைச்சலாகிவிடும். அமைதிக்கென்று இசைப்பதாயின் நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டுகள் கொண்ட மெல்லிய நடையைத் தேர்ந்தெடுங்கள். ஓய்வாக இருக்கும்போது இதயம் துடிக்கும் வேகத்தை ஒட்டியது அது.

ஐந்தாவது, உடல்நிலை. வயிற்றிலோ மார்பிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரையும், மூச்சுத்திணறல் உள்ளவரையும் உடன் பாடுமாறு வற்புறுத்தலாகாது. அவர்கள் கேட்டால் போதும்; விரலால் தாளமிட்டால் இன்னும் நன்று. நினைவின்றி இருப்பவரிடமும், அவர் கேட்கிறார் என்று கருதியே நடந்துகொள்ளுங்கள்; பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

இசை வலியையும் அச்சத்தையும் ஓரளவு தணிக்கும் என்று ஆய்வுகள் பல காட்டியுள்ளன. குறிப்பாக அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பதற்றத்தில் அதன் பயன் தெளிவு. எனினும் அது மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அன்று. வலி கூடினால் பாட்டைக் கூட்டாமல் செவிலியரை அழையுங்கள்.

கால்மணி நேரப் பயிற்சி

கற்றவற்றை ஒன்றுசேர்த்து இவ்வாரம் ஒரு முறை செய்து பாருங்கள்.

முதலில், கட்டிலில் இருப்பவரிடம் நாளையும் மாதத்தையும் சொல்லுங்கள். சன்னல் திரையை விலக்கி வெளிச்சத்தைக் காட்டுங்கள். வீட்டு வாசல் இப்போது எப்படியிருக்கிறது என்று இரண்டு வாக்கியங்கள் சொல்லுங்கள். அடுத்து, நாலரைக் கட்டையில் தொடங்கி மோகனத்தின் சுரங்களை மெல்ல ஏறி இறங்குங்கள். அவர் விரும்பினால் அவர் விரலையும் ஒரு கறுப்புக் கட்டையில் வைக்கட்டும். பின்னர் அவர் தேர்ந்தெடுத்த பருவப் பாட்டு ஒன்று, ஒன்று மட்டும். அது முடிந்ததும் உடனே பேசாமல் சற்றுப் பொறுங்கள். நினைவு எழுந்து சொல்லாக மாறுவதற்கு நேரம் தேவை. அவர் பேசினால் கேளுங்கள். இறுதியில் அதே கறுப்புக் கட்டைகளில் ஐந்தரையிலிருந்து தொடங்கி மத்தியமாவதியை வாசித்து முடியுங்கள். கச்சேரிகளில் நிறைவாக மங்கலத்துக்குரியது என்று போற்றப்படும் இராகம் அது.

கீபோர்டு இல்லையென்றால் என்ன செய்வது? உங்கள் குரல் இருக்கிறது. சுருதி சேராத குரலாயினும், பியானோவால் இயலாத ஒன்றை அது செய்யும்: ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும், நடுங்கும், நிற்கும், மீண்டும் தொடங்கும். அம்மாவின் குரலில் கேட்ட தாலாட்டை மகள் முணுமுணுக்கும்போது அதற்கு எந்தக் கருவியும் ஈடாகாது. வாயை மூடிக்கொண்டு மெல்ல இசைத்தாலே போதும். அடுத்த கட்டிலுக்கும் கேட்காது.

இம்மாதத்துக்குரிய ஒரு பாட்டை இன்றே உங்கள் நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் பெயரை ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே நாட்காட்டியின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்து உடனிருக்க வருபவரும் அதைப் பார்த்துப் பாடட்டும்.